பேஸ்பாலை வளர்த்த வாடகைப் புல்வெளி

ஒரு விளையாட்டின் வரலாற்றைக் கேட்டால் பெரும்பாலும் ஆட்களின் பெயர்தான் பதிலாக வரும். யார் கண்டுபிடித்தார், யார் முதலில் ஆடினார், யார் அதிகம் அடித்தார் என்று. பேஸ்பாலைப் பற்றிக் கேட்டால் நான் முதலில் ஓர் இடத்தின் பெயரைச் சொல்வேன். நியூயார்க்கின் எதிர்க்கரையில், ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே, ஹோபோகென் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஆற்றங்கரையை ஒட்டி எலிசியன் ஃபீல்ட்ஸ் என்ற புல்வெளி இருந்தது. 1840களில் அங்கே வாரத்துக்கு இரண்டு நாள் பந்து அடித்து விளையாடப் போன சில நியூயார்க் இளைஞர்களால்தான் பேஸ்பாலுக்கு எழுத்து வடிவ விதி, மதிப்பெண் புத்தகம், நிலையான களம் எல்லாம் கிடைத்தன. ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து இன்னொரு ஊரில் ஒருவர் மைதானத்தைச் சுற்றி மரவேலி போட்டார். அதோடு இந்தப் புல்வெளியின் காலம் முடியத் தொடங்கியது. இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேஸ்பால் மைதானம் என்றால் என்ன என்பது நன்றாகப் புரியும்.

பேஸ்பாலைப் பார்த்தே இராதவர்களுக்காக முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். தரையில் ஒரு சதுரம். அதன் ஒரு முனைக்கு ஹோம் என்று பெயர்; பந்தை அடிப்பவர் அங்கே நிற்பார். மற்ற மூன்று முனைகளிலும் முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ். சதுரத்தின் நடுப்பக்கமாக நிற்பவர் பிட்சர், அவர்தான் பந்து வீசுவார். அடித்தவர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மூன்று பேஸையும் தொட்டுக்கொண்டு ஹோமுக்குத் திரும்பிவிட்டால் ஒரு ரன். ஒரே ஓட்டத்தில் வர வேண்டும் என்பதில்லை. பேஸில் நின்று, அடுத்த ஆள் அடிக்கும்போது மேலே நகரலாம்.

ஹோமிலிருந்து முதல் பேஸ் வழியாக ஒரு கோடும் மூன்றாம் பேஸ் வழியாக ஒரு கோடும் நீண்டு போகும். அடித்த பந்து இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே போனால்தான் செல்லும். வெளியே போனால் ஃபவுல். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கிரிக்கெட்டில் பந்து எந்தப் பக்கமும் போகலாம், முதுகுக்குப் பின்னால்கூட. ஆகவே பார்வையாளர்கள் நாலாபக்கமும் தள்ளித்தான் உட்கார வேண்டும். பேஸ்பாலில் பந்து கால்வட்டத்துக்குள்தான் போக வேண்டும் என்பதால், கோட்டுக்கு வெளியே ஆட்டக்காரரின் முகம் தெரிகிற தூரத்தில் கூட்டம் நிற்கலாம். பிற்காலத்தில் இந்த விளையாட்டு டிக்கெட் விற்கும் தொழிலாக மாறியதற்கு இந்த வடிவமும் ஒரு முக்கிய காரணம் என்பது என் கருத்து.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்

ஹோபோகென் நிலத்தின் கதை கர்னல் ஜான் ஸ்டீவன்ஸ் என்பவரிடம் தொடங்குகிறது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் பக்கம் நின்ற வில்லியம் பேயார்ட் என்பவரின் நிலத்தை அரசு பறிமுதல் செய்து ஏலம் விட்டது. 1784இல் அதை 18,360 பவுண்டுக்கு எடுத்தவர் ஸ்டீவன்ஸ். நீராவி இயந்திரங்களில் அவருக்குத் தீராத ஆர்வம். 1811இல் ஜூலியானா என்ற நீராவிப் படகை ஹோபோகெனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே விட்டார். 1825 வாக்கில், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, தன் தோட்டத்திலேயே வட்டமாகத் தண்டவாளம் போட்டு ஒரு நீராவி வண்டியை ஓட்டிக் காட்டினார். அமெரிக்க மண்ணில் ஓடிய முதல் நீராவி ரயில் வண்டி என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

இயந்திரத்தோடு வியாபாரமும் அவருக்குக் கைவந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூயார்க் நெரிசலில் திணறிக்கொண்டிருந்தது. 1840இல் நகரத்தின் மக்கள்தொகை சுமார் 3.12 லட்சம்; பத்தே ஆண்டில் அது 5.15 லட்சமாகிவிட்டது. மன்ஹாட்டனில் காலாற நடக்க இடமில்லை. பெரிய பூங்காவான சென்ட்ரல் பார்க் அப்போது எண்ணத்தில்கூட இல்லை. ஸ்டீவன்ஸ் குடும்பம் ஹோபோகென் கரையோரம் நடைபாதை அமைத்தது, மர நிழலில் புல்வெளியைப் பேணியது, சிற்றுண்டி விடுதி கட்டியது. 1832இல் சிபில் குகை என்று ஒரு குகையையும் திறந்து, உள்ளே ஊறும் தண்ணீரைக் குவளை கணக்கில் விற்றார்கள். புல்வெளிக்குப் போட்ட பெயர் கிரேக்கப் புராணத்தில் புண்ணியம் செய்த வீரர்கள் போய்ச் சேரும் இடத்தின் பெயர்.

உள்ளே போக யாரும் காசு கேட்கவில்லை. வருமானம் படகுக் கட்டணத்தில் வந்தது. ஆற்றைக் கடந்து வரும் ஒவ்வொருவரும் போக ஒரு முறை, வர ஒரு முறை கட்டணம் செலுத்தியாக வேண்டும். அந்தப் படகுத்துறை ஸ்டீவன்ஸ் குடும்பத்தின் கையில். கூட்டம் பெருகினால் படகு நிறையும், அவ்வளவுதான் கணக்கு. வேடிக்கைக் காட்சிகள் நடத்திய பி. டி. பார்னம் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். 1843இல் ஹோபோகெனில் காட்டெருமை வேட்டைக் காட்சி, அனுமதி இலவசம் என்று விளம்பரம் செய்தார். அன்றைய படகு வருமானத்துக்கு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுவைத்திருந்தார். வந்த எருமைகள் கன்றுகள். கூச்சலில் மிரண்டு ஓடிவிட்டன. பார்னமுக்குப் பணம் வந்து சேர்ந்தது.

இந்தப் பொருளாதாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புல்வெளி திறந்தே கிடந்ததற்கு இதுதான் காரணம். பின்னால் அது தோற்றதற்கும் இதுதான் காரணம்.

75 டாலருக்குக் கிடைத்தது என்ன

மன்ஹாட்டனில் 27ஆம் தெரு அருகே காலி மனையில் சில இளைஞர்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வங்கி எழுத்தர்கள், வணிகர்கள், வழக்கறிஞர்கள், ஓரிரு மருத்துவர்கள். மாலையில் வேலை முடிந்ததும் உடம்புக்குப் பயிற்சி வேண்டும் என்று வந்தவர்கள். அங்கே கட்டடங்கள் எழும்பத் தொடங்கியதும் மரே ஹில் பக்கம் போனார்கள். அங்கேயும் அதே கதை. 1845 செப்டம்பர் 23 அன்று நிக்கர்பாக்கர் பேஸ்பால் கிளப் என்று முறைப்படி சங்கம் அமைத்து, எலிசியன் ஃபீல்ட்ஸில் ஒரு பகுதியையும் உடை மாற்றும் அறைகளையும் ஆண்டுக்கு 75 டாலர் வாடகைக்கு எடுத்தார்கள்.

இதற்கு முன்னாலும் அமெரிக்காவில் பந்து விளையாட்டுகள் இருந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்ட் ஊரில் 1791இலேயே, புதிதாகக் கட்டிய சபைக்கூடத்திலிருந்து 80 கெஜத்துக்குள் பேஸ்பால் உள்ளிட்ட பந்தாட்டங்கள் கூடாது என்று ஊர்ச்சட்டம் போட்டிருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி உடையும் என்ற கவலை. ஆக, விளையாட்டு ஏற்கெனவே ஊருக்கு ஊர் வெவ்வேறு விதமாக ஆடப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

நம் ஊர்த் தெரு கிரிக்கெட்டை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். ஒன் பிட்ச் கேட்ச் அவுட், எதிர்வீட்டு மாடியில் விழுந்தால் அவுட், சாக்கடைக்குப் போனால் இரண்டு ரன் என்று ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சட்டம் இருக்கும். அடுத்த தெருக்காரர்கள் ஆட வந்தால் முதல் அரைமணி நேரம் சண்டைதான். ஒரே இடத்தில், ஒரே ஆட்கள், குறித்த நாட்களில் ஆண்டுக்கணக்கில் ஆடினால் மட்டும்தான் இந்தச் சட்டங்கள் ஒழுங்குபட்டு எழுத்தில் ஏறும். 75 டாலர் வாடகை வாங்கித் தந்தது அந்த நிலைத்தன்மையைத்தான்.

நிக்கர்பாக்கர் கிளப்பின் 20 விதிகளைக் குழுவாக இருந்து எழுதியவர்கள் வில்லியம் வீட்டன், வில்லியம் டக்கர். எல்லாமே விளையாட்டு விதிகளும் இல்லை. சில, நேரத்துக்கு வர வேண்டும் என்பது போன்ற சங்க ஒழுங்குகள். விளையாட்டைத் தொட்டவற்றில் மூன்றைச் சொன்னால் போதும். கோட்டுக்கு வெளியே போன பந்து ஃபவுல் என்றார்கள். மூன்று பேர் அவுட்டானால் அடிக்கும் அணி மாற வேண்டும் என்றார்கள். மூன்றாவதுதான் பெரியது: ஓடுகிறவரின் உடம்பைக் குறிவைத்துப் பந்தை எறிந்து அவுட்டாக்கும் பழைய வழக்கத்தை ஒழித்தார்கள். உடம்பில் எறிவது இருந்தவரை பந்து மிருதுவாகத்தான் இருக்க முடியும். அது போன பிறகு பந்தை இறுக்கமாகக் கட்டலாம், தூரமாக அடிக்கலாம், களமும் பெரிதாகலாம்.

களத்தின் அளவை அவர்கள் எழுதிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஹோமிலிருந்து இரண்டாம் பேஸுக்கு 42 தப்படி, முதல் பேஸிலிருந்து மூன்றாம் பேஸுக்கு 42 தப்படி, அவ்வளவுதான். நாடா பிடித்து அளக்கவில்லை. ஒருவர் நடந்து அளந்தார். ஒரு தப்படி மூன்று அடி என்று வைத்தால் மூலைவிட்டம் 126 அடி, சதுரத்தின் பக்கம் ஏறக்குறைய 89 அடி. இரண்டரை அடி என்று வைத்தால் பக்கம் 74 அடிதான். எது சரி என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். இன்றைப் போல ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸும் கிடையாது (இரண்டு அணியும் ஒவ்வொரு முறை அடித்து முடித்தால் ஒரு இன்னிங்ஸ்). முதலில் 21 ரன் எடுக்கும் அணி வென்றது.

1845 அக்டோபர் 6 அன்று தங்களுக்குள்ளேயே 14 பேராகப் பிரிந்து ஆடியதை மதிப்பெண் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். அந்தப் புத்தகம் இன்றும் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அதே மாதம் 21ஆம் தேதி, அதே புல்வெளியில், நியூயார்க் கிளப் என்ற வேறொரு குழு புரூக்ளின் ஆட்டக்காரர்களை 24–4 என்று வென்றது. அடுத்த ஆண்டு ஜூன் 19 அன்று நிக்கர்பாக்கர்கள் வெளி அணியொன்றோடு மோதினார்கள். விதியை எழுதியவர்கள் அவர்கள், களமும் அவர்களுடையது. நான்கே இன்னிங்ஸில் 23–1 என்று தோற்றார்கள். எதிரணி ஆட்டக்காரர் ஒருவர் கெட்ட வார்த்தை பேசியதற்கு ஆறு சென்ட் அபராதம் என்று புத்தகத்தில் பதிந்திருக்கிறது. வரலாற்றின் முதல் பேஸ்பால் ஆட்டம் என்று இந்த 1846 ஆட்டத்தைப் பலர் குறிப்பிடுவதுண்டு. முந்தைய அக்டோபர் ஆட்டங்களின் பதிவுகள் கிடைத்த பிறகு அப்படிச் சொல்வது பொருத்தமில்லை.

பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட்

அப்போது அமெரிக்காவில் கிரிக்கெட் செல்வாக்கான விளையாட்டு. நியூயார்க்கில் குடியேறிய ஆங்கிலேயர்களின் செயின்ட் ஜார்ஜ் கிரிக்கெட் கிளப்பும் 1850களில் ஹோபோகெனில்தான் ஆடியது. 1859 அக்டோபரில் ஜார்ஜ் பார் தலைமையில் வந்த இங்கிலாந்து அணி அந்தக் களத்தில் ஆடியது. ஓர் இங்கிலாந்து அணி கடல் கடந்து போன முதல் கிரிக்கெட் பயணம் அது. 11 பேர் கொண்ட அணிக்கு எதிராக அமெரிக்கத் தரப்பில் 22 பேர் இறங்கியும் இன்னிங்ஸ் தோல்விதான் கிடைத்தது. இன்றைக்கு நாம் கிரிக்கெட் சுற்றுப்பயணம் என்று சொல்வதன் தொடக்கமும் பேஸ்பாலின் வளர்ப்பிடமும் ஒரே ஊரில் இருந்தன என்பது எனக்கு ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் வியப்புதான்.

இந்த அக்கம்பக்கத்தால் பேஸ்பாலுக்கு இரண்டு பெரிய ஆட்கள் கிடைத்தார்கள். ஒருவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தின் எக்ஸிடரில் 1824இல் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா வந்து, கிரிக்கெட் செய்தியாளராக இருந்தவர். 1856இல் ஒரு கிரிக்கெட் ஆட்டம் முடிந்து திரும்பும்போது எலிசியன் ஃபீல்ட்ஸில் நடந்த பேஸ்பாலைப் பார்க்க நின்றவர், அமெரிக்கர்களுக்கு ஏற்ற விளையாட்டு இதுதான் என்று முடிவு செய்துவிட்டார். யார் எத்தனை ரன், எத்தனை அவுட், யார் பிழை விட்டார் என்று ஒரே பார்வையில் தெரியும் கட்டத்தை நாளிதழுக்கு அவர்தான் வடிவமைத்துப் பரப்பினார். மைதானத்துக்கு வராதவரும் ஆட்டத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள வழி பிறந்தது. சாகும்வரை, 1908 வரை, பேஸ்பாலைப் பற்றித்தான் எழுதினார்.

இன்னொருவர் ஹாரி ரைட். ஷெஃபீல்டில் பிறந்தவர். அப்பா செயின்ட் ஜார்ஜ் கிளப்பின் சம்பளக் கிரிக்கெட்காரர். மகனும் அங்கேயே கிரிக்கெட் ஆடினார். 1850களின் இறுதியில் பக்கத்துப் புல்வெளிக்குப் போய் நிக்கர்பாக்கர் கிளப்பில் சேர்ந்தார். கிரிக்கெட்டில் ஆட்டக்காரருக்குச் சம்பளம் தருவது அவர் வீட்டில் சோறு போட்ட வழக்கம். 1869இல் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்ற, வெளிப்படையாகவே எல்லா ஆட்டக்காரருக்கும் சம்பளம் கொடுத்த முதல் அணியை அமைத்து நடத்தியவர் இந்த ஹாரி ரைட்தான். அந்த ஆண்டு முழுக்க அந்த அணி தோற்கவே இல்லை.

இதற்கிடையே களமும் கறாரான அளவுக்குள் வந்தது. நிக்கர்பாக்கர்களில் டாக்டர் டேனியல் லூசியஸ் ஆடம்ஸ் என்று ஒரு மருத்துவர். பந்தையும் மட்டையையும் செய்விப்பதைத் தானே முன்நின்று பார்த்தவர், பேஸுக்கும் வெளிக்களத்துக்கும் நடுவே நின்று பந்தைத் தடுக்கும் ஷார்ட்ஸ்டாப் என்ற இடத்தை உண்டாக்கியவர். 1857இல் பல கிளப்புகள் கூடிய மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். பேஸுக்கு பேஸ் 90 அடி, ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் என்று அங்கே முடிவானது. இன்று அமெரிக்காவின் பெரிய மைதானங்களிலும் அதே 90 அடிதான். ஒன் பிட்ச் கேட்ச் மட்டும் இன்னும் சில ஆண்டு தாக்குப்பிடித்தது. கையுறை இல்லாமல் வெறுங்கையால் பிடித்த காலம் என்பதால் அந்தச் சலுகையை விட மனமில்லை. 1865 பருவத்திலிருந்துதான் ஃபவுல் ஆகாத பந்தைத் தரையில் படாமல் பிடித்தாக வேண்டும் என்று ஆனது.

வேலி வருகிறது

1850கள் முடியும்போது ஹோபோகெனில் பல கிளப்புகள் ஆடின. கூட்டம் கோட்டை ஒட்டி நின்றது. சில சமயம் கோட்டைத் தாண்டியும் வந்தது. தடுக்க எந்த ஏற்பாடும் இல்லை. யார் வேண்டுமானாலும் வரலாம், சூதாடுகிறவர்களும் வரலாம்.

காசு கொடுத்தும் மக்கள் பார்ப்பார்கள் என்பது முதலில் வேறு இடத்தில் தெரிந்தது. 1858 ஜூலை 20 அன்று நியூயார்க், புரூக்ளின் நகரங்களின் தேர்ந்தெடுத்த அணிகள் குவீன்ஸ் பகுதியில் ஃபேஷன் குதிரைப் பந்தயத் திடலில் மோதின. குதிரைப் பந்தயத்துக்குக் கட்டிய இடம் என்பதால் வாசல் இருந்தது, வாசலில் கட்டணமும் வாங்கினார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம்.

சரி, இதை ஒரு தொழிலாகவே செய்தால் என்ன என்று யோசித்தவர் புரூக்ளினின் வில்லியம் கேமயர். வில்லியம்ஸ்பர்க் பகுதியில் அவரிடம் ஒரு பனிச்சறுக்குக் குளம் இருந்தது. குளிர்காலத்தில் தண்ணீர் விட்டு உறையவைத்து, சறுக்க வருகிறவர்களிடம் காசு வாங்குவார். கோடையில் அந்த நிலம் சும்மா கிடந்தது. தண்ணீரை வடித்து, தரையைச் சமன்செய்து, புல் வளர்த்து, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் மரவேலி அடித்து, உள்ளே நீள பெஞ்சுகள் போட்டு, 1862 மே 15 அன்று யூனியன் கிரவுண்ட்ஸ் என்ற பெயரில் திறந்தார். நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பேஸ்பாலுக்கென்று முழுவதும் வேலியடைத்து அமைத்த முதல் களம் அதுதான்.

அவர் போட்ட ஒப்பந்தத்தைப் பாருங்கள். கிளப்புகளுக்குக் களம் இலவசம், வாடகையே வேண்டாம். உள்ளே வந்து பார்ப்பவர் ஒவ்வொருவரும் பத்து சென்ட் கொடுக்க வேண்டும், அது கேமயருக்கு. ஹோபோகெனில் ஆடுகிறவர் வாடகை கொடுத்தார், பார்க்கிறவர் சும்மா பார்த்தார். புரூக்ளினில் அது தலைகீழானது. காசு வாங்கும் இடம் படகுத்துறையிலிருந்து மைதான வாசலுக்கு நகர்ந்தது.

வேலியின் வேலை வெறும் வசூல் மட்டும் இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ண முடிந்தது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவரை வெளியே தள்ள முடிந்தது. பெண்களுக்குத் தனி இருக்கை ஒதுக்க முடிந்தது. முக்கியமாக, வரும் பணம் தெரிந்துவிட்டதால் கிளப்புகள், எங்களைப் பார்க்கத்தானே இத்தனை பேர் வருகிறார்கள், எங்களுக்கும் பங்கு கொடு என்று கேட்கத் தொடங்கின. பங்கு வந்ததும் நல்ல ஆட்டக்காரரைப் பணம் கொடுத்து இழுக்கும் போட்டி வந்தது. 1869 பருவத்திலிருந்து சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்களைக் கிளப்புகளின் பொதுச் சங்கமே அனுமதித்தபோது, உள்ளுக்குள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான். 1864இல் புரூக்ளினிலேயே கேபிடோலைன் கிரவுண்ட்ஸ் என்று இன்னொரு வேலியடைத்த மைதானம் திறந்தது. ஹாரி ரைட்டின் அணி கடைசியில் தோற்றதும் அங்கேதான், 1870 ஜூன் 14 அன்று, 11 இன்னிங்ஸ் ஆடி, 8–7 என்று.

ஒரே கோடையில் உச்சமும் சறுக்கலும்

எலிசியன் ஃபீல்ட்ஸின் மிகப் பெரிய நாள் 1865 ஆகஸ்ட் 3. போர் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. புரூக்ளின் அட்லான்டிக்ஸ் அணிக்கும் நியூயார்க் மியூச்சுவல்ஸ் அணிக்கும் சாம்பியன்பட்ட ஆட்டம். வந்த கூட்டம் 20,000 வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். ஐந்து இன்னிங்ஸோடு மழை வந்து நிறுத்திவிட, அட்லான்டிக்ஸ் 13–12 என்று ஒரே ரன்னில் வென்றது. அடுத்த ஆண்டு கரியர் அண்ட் ஐவ்ஸ் அச்சகம் இந்தக் களத்தில் நடக்கும் ஆட்டத்தைக் கல்லச்சுப் படமாக வெளியிட்டது. பின்னால் மரங்கள், நடுவே வெள்ளைச் சட்டை ஆட்டக்காரர்கள், சுற்றிலும் தொப்பி அணிந்த கூட்டம். பழைய பேஸ்பாலைப் பற்றிய எந்தப் பேச்சிலும் இந்தப் படத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். அதில் வேலி கிடையாது.

அந்த 1865 ஆட்டத்துக்கு எட்டு வாரம் கழித்து, செப்டம்பர் 28 அன்று, இதே களத்தில் மியூச்சுவல்ஸ் அணி எக்ஃபர்ட் அணியிடம் 23–11 என்று தோற்றது. ஆட்டத்தின் நடுவே மியூச்சுவல்ஸ் கேட்சர், கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் நிற்கும் இடத்தில் நிற்பவர், பந்துகளைத் தொடர்ந்து நழுவவிட்டதும் சந்தேகம் எழுந்தது. விசாரித்தபோது, சூதாட்டக்காரர் ஒருவரிடம் 100 டாலர் வாங்கிக்கொண்டு மூன்று ஆட்டக்காரர்கள் வேண்டுமென்றே தோற்கவைத்தது தெரிந்தது. விலைபோன ஆட்டம் என்று பேஸ்பாலில் வெளிப்பட்ட முதல் சம்பவம் இது. மூவரையும் விலக்கிவைத்தார்கள். 1870க்குள் மூவருமே திரும்ப ஆட வந்துவிட்டார்கள். அந்த மன்னிப்பு தவறு என்றுதான் நினைக்கிறேன். அடுத்த ஐம்பது ஆண்டு பேஸ்பாலை வாட்டிய நோய்க்கு அப்போதே கடுமையான மருந்து கொடுத்திருக்கலாம்.

அப்புறம் சரிவு வேகமாக நடந்தது. 1860களின் இறுதியில் மியூச்சுவல்ஸ் புரூக்ளினுக்கு, கேமயரின் வேலிக்குள் போய்விட்டது. பெரிய அணி போனால் கூட்டமும் போகும். இன்னொரு பக்கம், ஸ்டீவன்ஸ் குடும்பம் 1838இலேயே ஹோபோகென் நிலத்தை மனையாக்கி விற்க ஒரு கம்பெனி தொடங்கியிருந்தது. 1855இல் ஹோபோகென் தனி நகரமானது. 1860களில் ஜெர்மன் கப்பல் நிறுவனங்கள் கரையில் துறைமேடைகள் கட்டின. மன்ஹாட்டனில் சென்ட்ரல் பார்க்கும் வந்துவிட்டதால் காற்று வாங்க ஆற்றைக் கடக்கும் தேவை குறைந்தது. புல்வெளியைவிட மனை லாபமானது. 1870களுக்குப் பிறகு அங்கே தெருக்களும் வீடுகளும் நிறைந்தன.

வேலி பிற்பாடு ஆட்டத்துக்குள்ளேயும் நுழைந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். திறந்த வெளியில் ஹோம் ரன் என்றால் பந்தை வெகுதூரம் அடித்துவிட்டு நான்கு பக்கமும் ஓடியே முடிப்பது. வசூலுக்காகப் போட்ட வேலியைப் பந்து தாண்டியபோது, இதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்ற கேள்வி பிறந்தது. களத்துக்குக் களம் வேலியின் தூரம் வேறு. 1892இல், வேலி 235 அடிக்குள் இருந்தால் அதைத் தாண்டிய அடிக்கு இரண்டு பேஸ் மட்டுமே என்று விதி எழுத வேண்டியிருந்தது. இன்றும் பெரிய லீக் மைதானங்களில் வேலியின் தூரமும் உயரமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு மைதானத்தில் ஹோம் ரன் ஆகும் அடி இன்னொன்றில் கேட்ச் ஆகிவிடும். உள்சதுரத்தின் 90 அடி ஹோபோகென்காரர்கள் விட்டுப்போனது, வெளிவேலியின் வேறுபாடு புரூக்ளின்காரர் விட்டுப்போனது.

பெயர் போனது வேறு ஊருக்கு

அமெரிக்காவில் பேஸ்பால் பிறந்த ஊர் எது என்று கேட்டால் வெகுகாலம் பலரும் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்றே சொன்னார்கள். 1905இல் பேஸ்பாலின் தோற்றத்தை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். ஆப்னர் கிரேவ்ஸ் என்ற முதியவர், ஆப்னர் டபிள்டே என்பவர் 1839 வாக்கில் கூப்பர்ஸ்டவுனில் இந்த விளையாட்டை உருவாக்கினார் என்று எழுதி அனுப்பினார். 1839இல் கிரேவ்ஸுக்கு ஐந்து வயது. டபிள்டே அந்த ஆண்டு வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். உள்நாட்டுப் போரில் தளபதியாகப் பெயர் பெற்ற அவர் 1893இல் இறந்துவிட்டிருந்தார், கேட்கவும் வழியில்லை. ஆனாலும் குழு 1907 இறுதியில் அதையே தீர்ப்பாக்கியது. இங்கிலாந்திலிருந்து வந்ததாக இல்லாமல் சொந்த மண்ணில் ஒரு வீரர் கையால் பிறந்ததாக ஒரு கதை அவர்களுக்குத் தேவைப்பட்டது. 1939இல் பேஸ்பால் புகழ் மண்டபம் கூப்பர்ஸ்டவுனில் திறந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

சாட்விக்கும் ஹாரி ரைட்டும் அவர் தம்பியும் அந்த மண்டபத்தில் இடம்பெற்றார்கள். நிக்கர்பாக்கர்களில் அலெக்சாண்டர் கார்ட்ரைட்டும் உண்டு, 1938இல். ஒரு காலத்தில் எல்லாப் பெருமையும் அவர் ஒருவருக்கே போனது. 1849இல் தங்கத்தைத் தேடிக் கலிபோர்னியா கிளம்பி ஹவாயில் குடியேறியவருக்கு 1857இன் 90 அடியையும் ஒன்பது இன்னிங்ஸையும்கூட எழுதிவைத்தார்கள். அதை நடத்திவைத்த டாக்டர் ஆடம்ஸ் மண்டபத்துக்கான 2015 தேர்தலில் 16 வாக்குகளில் 10 பெற்றார்; 12 தேவை என்பதால் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவருடைய 1857 விதிகளின் கையெழுத்துத் தாள்கள் ஏலத்தில் 32.6 லட்சம் டாலருக்குப் போயின. தாளுக்குக் கிடைத்த மதிப்பு ஆளுக்கும் கிடைக்க வேண்டும்.

ஹோபோகெனில் இப்போது பார்க்க அதிகம் இல்லை. பழைய புல்வெளியின் ஒரு பகுதியில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பித் தொழிற்சாலை பல பத்தாண்டு இயங்கி 1992இல் மூடப்பட்டது. பிறகு அடுக்குமாடி வீடுகள் வந்தன. எலிசியன் பார்க் என்ற பெயரில் ஒரு சிறு பூங்கா மிச்சம் இருக்கிறது. 11ஆம் தெருவும் வாஷிங்டன் தெருவும் சந்திக்கும் இடத்தில் பேஸ்பால் நினைவுக்கல் உண்டு. மன்ஹாட்டனிலிருந்து படகு இன்றும் ஓடுகிறது. நியூயார்க் போகிறவர்கள் யாங்கி ஸ்டேடியத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அரைநாள் ஒதுக்கி, அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் வந்ததுபோலவே ஆற்றைக் கடந்து அங்கே போய்வருவது நல்லது.